அழுங்கைத் தின்ற காக்கா

அம்சவேணி அந்தக் காக்காவை வரைந்ததற்கு ஒரே காரணம், இரண்டாம் பக்கத்தில் ஒரு மரக்கிளை வெறுமனே கிடந்ததுதான். தேநீர் ஆறுவதற்குள் வரைந்து முடித்துவிட்டாள். கதைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கதை அழுங்கினுடையது. உடம்பு முழுக்கச் செதில் அடுக்கி, எறும்பு தின்று, ஆள் அரவம் கேட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் அந்தக் கூச்சக்காரப் பிராணியின் மேல் அவளுக்கு நெடுநாளாக ஒரு பாசம். ஒவ்வொரு செதிலையும் தனித்தனியாக வரைந்தாள். குழந்தை ஆடாமல் அசையாமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தால், சுருண்டு கிடக்கும் அழுங்கு மெல்ல விரிந்து மூக்கை நீட்டும். அவசரப்பட்டால் வராது. அதுதான் கதையின் சுவாரசியமே. அவள் வேலை பார்த்த கோயம்புத்தூர் கிலுகிலுப்பை பதிப்பகம் அந்தப் படக்கதையைத்தான் தனது முதல் கண்ணுப் புத்தகமாக வெளியிடத் தேர்ந்தெடுத்திருந்தது.

கண்ணுப் புத்தகம் என்பது வெளியாட்கள் வைத்த பெயர். கையால் புரட்டும் கெட்டி அட்டைப் புத்தகம்தான். ஆனால் படங்கள் அசையும், மாறும். புத்தக முதுகின் மேல்முனையில் கடுகளவு ஒரு கண் இருக்கும். எதிரே இருக்கும் குழந்தையின் முகத்தை அது பார்க்கும். எந்தப் படத்தைக் கண்டு குழந்தை மலர்கிறது, எதைக் கண்டு சலிக்கிறது என்று தெரிந்துகொள்ளும். புத்தகத்தை மூடி வைத்த பிறகு, பிடித்ததைப் பெரிதாக்கி, பிடிக்காததை அழித்து, தன்னைத் தானே திருத்தி வரைந்துகொள்ளும். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு புத்தகம்.

அந்தக் கண்ணை வைத்தவன் அதே பதிப்பகத்தில் வேலை பார்க்கும் திருமூர்த்தி, அம்சவேணியின் கணவன். வீட்டில் மூக்கின் மேல் இருக்கும் கண்ணாடியையே தேடுகிறவன் என்பது வேறு விஷயம்.

வெள்ளோட்டம் பார்க்க வீடுகளுக்குக் கொடுத்த பிரதிகளில் பெரும்பாலானவை இரண்டு மாதத்தில் திரும்பி வந்தன. அம்சவேணி ஆசையாக ஒன்றைப் பிரித்தாள். முதல் பக்கத்தில் காக்கா. இரண்டாம் பக்கத்தில் காக்கா. மூன்றாம் பக்கத்தில் அழுங்கு இருந்த பாறையின் மேல் ஒரு பெரிய காக்கா. இன்னொன்றை எடுத்தாள். அதிலும் காக்கா, போதாததற்கு அது வாயை வேறு அகலப் பிளந்துகொண்டிருந்தது. மேசையில் அடுக்கியிருந்த எல்லாவற்றிலும் முதல் நாலைந்து பக்கங்களைப் புரட்டினாள். காக்கா கூட்டம் கலையவில்லை.

“என்ற அழுங்கு எங்க மாமா?”

திருமூர்த்தி திரையிலிருந்து தலையை எடுக்கவில்லை. “குழந்தைங்களுக்குக் காக்காவத்தான் புடிச்சிருக்குது அம்மிணி. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?”

“உங்க கண்ணு சொல்லுச்சாக்கும்.”

“முகம் சொல்லுது. காக்காவப் பாத்தா அத்தன குழந்தைகளும் வாயப் பொளக்குது. வாயப் பொளந்தா வியப்பு. வியப்புதான் இருக்கறதுலயே பெரிய மதிப்பெண். நான் ஒண்ணும் சொந்தமாச் சொல்லல, உலகம் முழுக்க இருக்கற குழந்தைங்க முகத்த வெச்சுப் பழக்கினது.”

“நம்ம மொட்டுகிட்ட இருக்கற புஸ்தகத்துல காக்கா கிளையிலதானுங்க இருக்குது. அழுங்குதான் வளந்து பாதிப் பக்கத்துக்கு வந்திருக்குது.”

“தாய் வரைஞ்சா பொண்ணு பாக்கும். அதெல்லாம் கணக்குல சேராது.”

அவர்கள் மகள் நன்முகைக்கு மூன்றரை வயது. மொட்டு என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். வீட்டிலிருந்த அவளுடைய பிரதியில் அழுங்கு பத்திரமாக இருந்தது; அது போதாதென்று, அம்சவேணி வரையவே இல்லாத ஒரு நீண்ட நாக்கு வேறு அதற்கு முளைத்திருந்தது. தன் மகளுக்குத்தான் ரசனை இருக்கிறது என்று அம்சவேணி பெருமைப்பட்டுக்கொண்டாள். தன் மகளுக்கு மட்டும்தான் இருக்கிறதா என்று நினைத்தபோது கொஞ்சம் வலித்தது.

மறுநாள் அவளே ஒரு வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது என்று கிளம்பினாள்.

அவிநாசியில், பிரதியை இன்னும் திருப்பித் தராத மகுடேஸ்வரி என்ற பெண்ணின் வீடு. வாசலில் நிற்கும்போதே உள்ளே குரல் கேட்டது. “கவினு, காக்கா பாரு. ஆ காட்டு. ஆ...”

இரண்டரை வயதுக் கவின் ஜன்னல் திட்டில் உட்கார்ந்திருந்தான். கண்ணுப் புத்தகத்தை ஜன்னல் கம்பியில் சாய்த்து ஒரு துணிக் கிளிப்பால் மாட்டியிருந்தார்கள். மகுடேஸ்வரியின் வலது கையில் பருப்புச் சோறு. புத்தகத்துக் காக்கா வாயைத் திறந்தது. கவின் வாயைத் திறந்தான். சோறு உள்ளே போனது. இடது கை பக்கத்தைப் புரட்டியது. அடுத்த காக்கா, அடுத்த வாய்.

அம்சவேணி நின்ற இடத்திலேயே நின்றாள். உலகம் முழுக்க இருக்கிற குழந்தைகளின் முகத்தைக் கணவன் சேர்த்திருக்கிறான். அந்தக் குழந்தைகள் படிக்கும்போது படித்திருக்கிறார்கள், சாப்பிடும்போது சாப்பிட்டிருக்கிறார்கள். கையில் சோற்றைப் பிசைந்துகொண்டு படப் புத்தகத்தைத் திறக்கும் வீடு எதையும் அவனுடைய கண் அதுவரை பார்த்ததில்லை.

“வாங்க வாங்க. உங்களுக்குக் கோயில் கட்டலாமுங்க,” என்றாள் மகுடேஸ்வரி. “முன்னெல்லாம் இவனுக்கு ஒரு வேளை ஊட்டறதுக்குள்ள எனக்கு உசுரு போயிரும். மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போகோணும், காக்காவக் காட்டோணும், கதை சொல்லோணும். நரி வந்துச்சு, வண்டி வந்துச்சுன்னு வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லுவன். இப்ப பேச வேண்டியதே இல்லீங்க. உக்காந்தா முடிஞ்சுது.”

“மத்த நேரம் புஸ்தகம் பாக்கறானுங்களா?”

“மத்த நேரம் குடுத்தா வாயத் தொறந்துட்டு உக்காந்துக்கறானுங்க, சோறு வருமாக்கும்னு.” மகுடேஸ்வரி சிரித்தாள். “இதுலயே இட்லிக்கு ஒண்ணு, தோசைக்கு ஒண்ணு வருமுங்களா?”

ஜன்னலுக்கு வெளியே மதில் மேல் நிஜமாகவே ஒரு காக்கா வந்து உட்கார்ந்து கரைந்தது. கவின் திரும்பவில்லை. தாயின் முகத்தையும் அவன் ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. மகுடேஸ்வரி பழக்கதோஷத்தில் “அக்கட்ட பாரு சாமி, நெசக் காக்கா” என்றாள். பிறகு அவளே பேச்சை நிறுத்திக்கொண்டு அடுத்த கவளத்தை உருட்டினாள்.

அன்று மாலை அம்சவேணி சமையலறையில் சொன்னபோது திருமூர்த்தி தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தான். முதலில் சிரித்தான். அப்புறம் வடிகட்டி அந்தரத்தில் நின்றது.

“அப்ப வியப்பு இல்லியா அது?”

“பருப்புச் சோறுங்க.”

“எல்லா வீட்டுலயுமா?”

“அத்தன பேருக்கும் போன் பண்ணிக் கேட்டுட்டேன். ஒருத்தர் வீட்டுல ரசஞ்சோறு, ஒருத்தர் வீட்டுல கீரை. பிசையாத வீடே இல்ல. நம்ம வீட்டத் தவிர.”

அவர்கள் வீட்டில் மட்டும் ஏன் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்ததுதான். சாப்பாட்டுத் தட்டு இருக்கும் அறைக்குள் புத்தகம் வரக்கூடாது என்பது திருமூர்த்தி போட்ட சட்டம். குழந்தையின் நல்ல பழக்கத்துக்காக இல்லை. கண்ணில் சோறு பட்டால் கெட்டுவிடும் என்ற கவலை.

“ரசனையும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க பயந்தான் என்ற அழுங்கக் காப்பாத்தியிருக்குது,” என்றாள் அம்சவேணி. சொல்லும்போதே சற்று வருத்தமாகவும் இருந்தது.

திருமூர்த்தி காதைச் சொறிந்தான். தப்பு தன்மேல் என்றால் அவன் செய்வது அது. “மெல்லற வாயையும் வியக்கற வாயையும் பிரிச்சுச் சொல்லிக் குடுத்தாப் போதும். ஒரு வாரத்து வேலை. உன்ற அழுங்கு திரும்ப வந்துரும், போ.”

ஆனால் அந்த ஒரு வாரம் வரவில்லை. பதிப்பகத்தின் தலைவி எஸ்தர் மேடம் விஷயத்தைக் கேட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவருக்குச் சந்தோஷம் வந்தால் அப்படித்தான்.

“திருத்தாதீங்க. சோறு ஊட்டுற புத்தகம். இதைவிட இந்த நாட்டுல எந்தத் தாய்க்கு என்ன வேணும்? திரு, குழந்தை முழுங்கறதையும் கண்ணு பாக்கட்டும். முழுங்கினாத்தான் படம் மாறணும். மாநிலத்துல இருக்கிற பாலர் மையம் எல்லாத்துக்கும் புத்தகம் வாங்க ஷகிலா பானு மேடம் வர்றாங்க. இதைக் காட்டுவோம்.”

“அழுங்கு மேடம்?” என்றாள் அம்சவேணி.

“அது போனாப் போகட்டுமே அம்சா. குழந்தைகளே வேண்டாம்னு அழிச்சிட்டாங்க. காக்காவும் நீங்க வரைஞ்சதுதானே?”

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் காதைச் சொறிந்தான்.

வீட்டில் அதன் பிறகு சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. மரியாதைதான் கூடிப்போனது. “சாப்பிட வர்றீங்களா” என்பாள், “வர்றனுங்க” என்பான். இரண்டாம் நாள் அவன் அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது மூடியின் உட்புறம் ஒரு காக்கா வாயைப் பிளந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் தயிர் டப்பாவிலும். அவன் துடைக்காமல் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தான்.

“நான் என்ன பண்ணட்டும் அம்மிணி,” என்றான் கடைசியில். “ஒரு டீச்சரம்மா ஒரே நேரத்துல இருவது குழந்தைக்கு ஊட்டுது. அதுக்கு இது எத்தன பெரிய உபகாரம்? ஒரு பிராணி படம் போச்சுன்னு...”

“படம் போனா நான் இன்னொண்ணு வரைஞ்சுக்குவேன். குழந்தைங்களுக்கு, ஒண்ணு வர்ற வரைக்கும் காத்திருக்கறதுன்னா என்னன்னே தெரியாமப் போயிருமே, அதுக்கு எந்தக் காக்காவ மாமா வரையறது?”

ஆனாலும் அவன் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டான். கொடுத்த வேலையை முடிக்காமல் இருக்க அவனுக்குத் தெரியாது.

ஷகிலா பானு வந்த அன்று எல்லாம் தயாராக இருந்தது, ஒன்றைத் தவிர. செய்து காட்டுவதற்காக அவிநாசியிலிருந்து வரவேண்டிய கவினுக்குக் காலையில் ஜுரம். எஸ்தர் மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

“என்ற பொண்ணு இருக்கறா,” என்றான் திருமூர்த்தி. மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

மொட்டு வந்தாள். கூட்ட அறை மேசையில் புத்தகம், அருகே ஒரு கிண்ணம் தயிர்சாதம். எதிரே ஷகிலா பானு. ஐம்பது வயதிருக்கும், கைப்பையை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருந்தார்.

“உண்மையைச் சொல்லிடறேன்,” என்றார் அவர். “எங்க டீச்சருங்க படுற பாடு எனக்குத் தெரியும். இது சொன்னபடி வேலை செஞ்சா இன்னிக்கே கையெழுத்து. எப்போம்மா ஆரம்பிக்கிறீங்க?”

அந்தக் கையெழுத்து விழுந்தால் மாநிலம் முழுக்கக் காக்காதான். அம்சவேணி ஒரு கவளம் எடுத்தாள். புத்தகம் திறந்ததும் அதன் கண் விழித்துக்கொண்டது. பக்கம் முழுக்க ஒரு காக்கா, அலகை அகலத் திறந்தது.

புத்தகத்தின் எதிரே மொட்டு அதுவரை சாப்பிட்டதே இல்லை. சோறும் படமும் ஒரே இடத்தில் இருப்பதை ஆச்சரியமாகப் பார்த்தாள். காக்காவையும் பார்த்தாள். அதன் தொண்டை வரை தெரிந்தது.

“ஆ காட்டு சாமி,” என்றாள் அம்சவேணி.

மொட்டு வாயை இறுக மூடிக்கொண்டாள். முழுங்காததால் புத்தகம் இன்னும் கொஞ்சம் முயன்றது. காக்கா அலகை இன்னும் பெரிதாகத் திறந்தது.

“அம்மா, இதுக்குப் பசிக்குதும்மா.”

“நீ சாப்பிடு கண்ணு.”

“மொதல்ல இதுக்கு,” என்று சொல்லி, கிண்ணத்தில் கையை விட்டு ஒரு பிடி தயிர்சாதத்தை அள்ளிக் காக்காவின் வாயில் வைத்தாள்.

புத்தகத்துக்கு இது புதிது. குழந்தையின் முகம் வெகு அருகே வந்திருக்கிறது, வாய் மட்டும் மூடியிருக்கிறது. தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் காட்டியது. ஒரு காக்கா இரண்டானது, இரண்டு நான்கானது. எல்லாம் வாயைப் பிளந்தன.

“இரு, இரு. எல்லாருக்கும் இருக்குது. சண்ட போடக்கூடாது,” என்றாள் மொட்டு. அம்சவேணி அவளிடம் தினமும் சொல்வது அது. ஒவ்வொரு காக்காவுக்கும் ஒரு பிடி. மேலே இருந்த காக்காவுக்கு வைத்த பிடி வழுக்கிப் புத்தகத்தின் முதுகில் அப்பிக்கொண்டது. கடுகளவுக் கண் தயிர்சாதத்துக்குள் மறைந்தது. படங்கள் அப்படியே நின்றன.

திருமூர்த்தி கைக்குட்டையோடு பாய்ந்தான். அவன் இத்தனை நாளாகப் பயந்த ஒரே காரியத்தை அவன் மகளே எல்லோர் முன்னிலையிலும் செய்து முடித்திருந்தாள்.

“விடுங்க,” என்றார் ஷகிலா பானு. அவர் கைப்பை மடியில் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கிண்ணமே காலி. குழந்தை ஒரு வாய்கூடச் சாப்பிடலையே எஸ்தர்.”

“ஒரு பிரதியில நடந்தது மேடம். கவினா இருந்தா...”

“கவின் வாயைத் திறப்பான். தெரியுது.” அவர் சிரிப்பு அடங்கியிருந்தது. “இந்தப் பிள்ளைக்கு எதிர்ல இருக்கிறது பசியா இருக்குன்னு தோணுது பாருங்க. நான் வாங்கிட்டுப் போனா இருபது பிள்ளைங்க பக்கத்துப் பிள்ளையைப் பார்க்காமச் சாப்பிட்டு முடிச்சிடும். சீக்கிரமா முடிச்சிடும். அதுக்குத்தான் வந்தேன்...”

அவர் முடிக்கவில்லை. மொட்டு ஈரக் கையாலேயே பக்கங்களைப் புரட்டிக்கொண்டு போய்க் கடைசிப் பக்கத்தில் நின்றிருந்தாள். ஊட்டும்போது அந்தப் பக்கத்தை எந்த வீட்டிலும் யாரும் திறந்ததில்லை; அதற்குள் சோறு தீர்ந்துவிடும். யாரும் பார்க்காததால் புத்தகம் அதை அழிக்கவும் இல்லை. புல்வெளி நடுவே சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை.

மொட்டு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தாள்.

“என்ன பண்றா?” என்றார் ஷகிலா பானு.

“அழுங்கு வரும்னு காத்திருக்கறாளுங்க,” என்றாள் அம்சவேணி. “பார்த்துட்டே இருந்தா விரியற மாதிரி வரைஞ்சேன். இப்ப வராது. கண்ணு மூடிருச்சு.”

திருமூர்த்தி மகளின் அருகே குனிந்தான். “மொட்டு, அது தொறக்காது சாமி. கெட்டுப்போச்சு.”

“கெட்டுப் போகலப்பா.” அவள் உருண்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நீங்கெல்லாம் இங்கயே நிக்கறீங்கல்ல, அதுக்கு வெக்கமா இருக்குது. எல்லாரும் வெளிய போங்க.”

யாரும் அசையவில்லை.

“அந்த ஆன்ட்டியும்,” என்றாள் மொட்டு.

முதலில் எழுந்தது ஷகிலா பானுதான். செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்தார். அவர் போனபின் எஸ்தர் மேடத்தால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. திருமூர்த்தி கைக்குட்டையோடு போனான். அம்சவேணி கதவை ஓசையில்லாமல் சாத்தினாள்.

நடைவழியில் நான்கு பேரும் மாணவர்களைப் போல வரிசையாக நின்றார்கள்.

“அந்தக் கடைசிப் பக்கம் மாதிரி ஒரு முழுப் புத்தகம் இருக்கா?” என்று ஷகிலா பானு ரகசியக் குரலில் கேட்டார்.

“இருந்துச்சுங்க. காக்கா தின்னுருச்சு,” என்றாள் அம்சவேணியும் அதே குரலில்.

“அதைக் குடுங்க. சோறு ஊட்டறதுக்குக் கூடுதலா ரெண்டு ஆள் போடச் சொல்லி நான் எழுதறேன். அது என் தலைவலி.”

“கண்ணில்லாமயா மேடம்?” எஸ்தர் மேடத்தின் கிசுகிசுப்பு கொஞ்சம் சத்தமாகவே வந்தது.

“கண்ணு இருக்கட்டும். குழந்தை காத்திருந்தா அழுங்கு வரட்டும். மத்தபடி எதையும் அழிக்காம, திருத்தாம, சும்மா இருக்கட்டும்.”

“சும்மா இருக்கச் சொல்லிக் குடுக்கறதுதானுங்க மேடம் கஷ்டம்,” என்றான் திருமூர்த்தி.

“அதுக்கு எத்தன வாரமாகும்னு கேளுங்க மேடம்,” என்றாள் அம்சவேணி. “வீட்டுலயும் ஒருத்தருக்குச் சொல்லிக் குடுத்துட்டு இருக்கறேன்.” அந்த ஒரு வாரத்தில் முதல் முறையாகத் திருமூர்த்தி அவளைப் பார்த்துச் சிரித்தான்.

அப்போது உள்ளே மொட்டுவின் குரல் கேட்டது. மிக மெதுவாக, தூங்குகிற குழந்தையிடம் பேசுவதுபோல.

“போயிட்டாங்க. வா.”

நால்வரும் கதவோரம் காதை வைத்தார்கள். உள்ளே வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு மொட்டு சிரித்தாள். விளையாட்டுக்குச் சிரிப்பதல்ல, யாரோ வந்துவிட்டால் சிரிப்பது.

“கண்ணு முழுக்கத் தயிர்சாதம் அம்மிணி,” என்று திருமூர்த்தி முணுமுணுத்தான். “படம் அசையவே முடியாது. எப்பிடி...”

அவன் கை கதவுப் பிடி வரைக்கும் போனது. பிறகு, யாரும் தடுக்காமலேயே, திரும்பி வந்தது.